டவுன்லைட் பதித்த சீலிங்கின் மேல் வெப்பக்காப்பு: ஐந்து வழிகளில் எதைத் தேர்வது?

கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட பரணில், அறையின் சூடு வெளியேறாதபடி வெப்பக்காப்பு விரிப்பது பொதுவாக எளிய வேலைதான். சீலிங்கைத் தாங்கும் மரச் சட்டங்களுக்கு இடையே கனிமப் பஞ்சை (பாறையையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கிய பஞ்சு) ஓர் அடுக்கும், அவற்றுக்குக் குறுக்கே இன்னோர் அடுக்குமாக விரித்துக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும். கீழே உள்ள அறையின் சீலிங்கில் டவுன்லைட்டுகள், அதாவது ஒளியைக் கீழ்நோக்கி வீசும் சிறு விளக்குகள், பதிக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு டவுன்லைட்டும் ஜிப்சம் பலகையில் போடப்பட்ட ஒரு துளை; அதன் சூடான பின்பக்கம் பரணுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் பஞ்சை விலக்கி வைத்தால் அறையின் வெப்பம் துளை வழியாக வெளியேறுகிறது. பஞ்சால் மூடிவிட்டால் விளக்கின் வெப்பம் போக வழியின்றி அங்கேயே தேங்குகிறது.

இதற்குத் தீர்வாக ஐந்து வழிகள் நடைமுறையில் உள்ளன: விளக்கைச் சுற்றி இடைவெளி விடுவது, விளக்கின் மேல் தீ தாங்கும் மூடியைக் கவிழ்ப்பது, வெப்பக்காப்பால் மூடத்தக்க விளக்காக மாற்றுவது, விளக்கை எடுத்துவிட்டுத் துளையை அடைப்பது, வெப்பக்காப்பையே வேறு இடத்துக்கு நகர்த்துவது. பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது வழியே சரியானது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், மற்ற வழிகள் பொருந்தும் சூழ்நிலைகளையும் இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பழைய ஹாலஜன் டவுன்லைட் ஒன்று 50 வாட் எடுத்துக்கொள்ளும். அதில் ஒளியாக மாறுவது சிறு பகுதியே, மீதி முழுவதும் வெப்பம். டைக்ரோயிக் வகை ஹாலஜன் விளக்குகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. கீழே இருப்பவர்மேல் சூடு படக்கூடாது என்பதற்காக, ஒளியை மட்டும் முன்னே திருப்பி அனுப்பி, அகச்சிவப்புக் கதிர்களைப் பின்பக்கமாகக் கடந்து செல்ல விடும்படியே அவற்றின் கண்ணாடி அமைக்கப்பட்டிருக்கிறது. அதாவது அறைக்குள் குறையும் சூடு பரணுக்குள் கூடுகிறது. அதே அளவு ஒளி தரும் எல்இடி விளக்கு 5 முதல் 7 வாட் வரையே எடுத்துக்கொள்கிறது என்பதால் வெப்பம் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் அது இல்லாமல் போவதில்லை. எல்இடி சில்லும், அதற்கேற்ற மின்சாரத்தைத் தரும் டிரைவர் என்ற சிறு கருவியும் சூட்டைத் தாங்காத பொருள்கள். காற்றோட்டமின்றிப் புதைத்து வைத்தால் தீப்பிடிக்காவிட்டாலும் அவற்றின் ஆயுள் குறைந்துவிடும்.

பாறைப் பஞ்சும் கண்ணாடிப் பஞ்சும் எரியாத பொருள்கள், ஆகவே அவற்றை விளக்கின் மேல் போட்டாலும் கேடில்லை என்று பலர் நம்புகிறார்கள். பஞ்சு எரியாது என்பது உண்மைதான். பாறைப் பஞ்சின் இழைகள் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆனால் இங்கே கவலை பஞ்சைப் பற்றியது அல்ல. பஞ்சுக்கு அடியில் தேங்கும் வெப்பம் விளக்கின் ஹோல்டரையும், அதற்கு வரும் வயரையும், அருகிலுள்ள மரச் சட்டத்தையும் தாக்குகிறது. வீட்டு வயரிங்கில் பரவலாக உள்ள பிவிசி உறை, கம்பியின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டாது என்ற கணக்கில் மதிப்பிடப்படுகிறது. பல ஆண்டுகள் ஹாலஜன் எரிந்த இடத்தில் பஞ்சை விலக்கிப் பார்த்தால் இந்தச் சேதம் கண்ணுக்கே தெரியும்: ஜிப்சம் பலகையின் காகிதம் துளையைச் சுற்றி வளையமாகப் பழுப்பேறியிருக்கும், ஹோல்டரை ஒட்டிய வயரின் உறை விறைத்துப்போய் வளைத்தால் வெடிக்கும். மறுசுழற்சிக் காகிதத்திலிருந்து செய்யப்படும் செல்லுலோஸ் வெப்பக்காப்பில் ஆபத்து இன்னும் அதிகம். போரான் உப்புகள் கலந்திருப்பதால் அது சுடர்விட்டு எரியாமல் தடுக்கப்பட்டாலும், தொடர்ந்த சூட்டில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கக்கூடும்.

இந்த ஆபத்து ஏட்டளவில் மட்டும் உள்ளது அல்ல. ஆஸ்திரேலிய மத்திய அரசு 2009-இல் வீடுகளுக்கு மானியத்துடன் வெப்பக்காப்புப் பொருத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவசர அவசரமாக நடந்த அந்தப் பணிகளில் இளம் தொழிலாளர்கள் நால்வர் உயிரிழந்தார்கள். 200-க்கும் மேற்பட்ட வீடுகளில் தீ விபத்துகள் அத்திட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. டவுன்லைட்டுகளின் மேல் வெப்பக்காப்பு மூடப்பட்டது அத்தீகளுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2010 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

முத்திரையைப் படித்தல்

வழியைத் தேர்வதற்கு முன் கையிலிருக்கும் விளக்கு எத்தகையது என்று தெரிந்தாக வேண்டும். இங்கே மூன்று வெவ்வேறு தகுதிகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. தீத்தடுப்புத் தகுதி என்பது, கீழ் அறையில் தீப்பிடித்தால் அது துளை வழியாக மேலே பரவாமல் 30, 60 அல்லது 90 நிமிடங்கள் தடுக்கும் திறனைக் குறிக்கிறது. சூடு பட்டதும் உப்பிப் பெருகும் ஒரு பொருள் விளக்கினுள் இருந்து துளையை அடைப்பதே பெரும்பாலும் இதன் வழிமுறை. நீர்த்தடுப்புத் தகுதி குளியலறைக்கு உரியது. வெப்பக்காப்பால் மூடத்தக்கது என்பது இவை இரண்டிலிருந்தும் வேறானது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பஞ்சு அதைத் தொட்டாலும், மேலே மூடினாலும் வெப்பநிலை பாதுகாப்பான வரம்புக்குள் நிற்கும் என்று சோதித்துத் தரப்படும் தகுதி அது. கடையில் 'தீத்தடுப்பு விளக்கு' என்று சொல்லி விற்கப்படும் ஒன்றை அந்தச் சொல்லை மட்டும் நம்பி மூடிவிடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் அஞ்சும் தவறு. இரண்டு தகுதிகளும் ஒரே விளக்கில் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று கொள்ள முடியாது.

வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மூடத்தக்க விளக்குகளை 'ஐசி' என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் மற்ற இடங்களில், மூடக்கூடாத விளக்கின்மேல் வெப்பக்காப்பு போர்த்திய படத்தைக் குறுக்கே அடித்துக் காட்டும் குறி இருக்கும். விளக்கை மெதுவாகக் கீழே இழுத்து அதன் உடலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். சீட்டு உதிர்ந்துபோயிருந்தாலோ, எழுத்து அழிந்திருந்தாலோ, அந்த விளக்கை மூடக்கூடாதது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி விடுதல்

செலவே இல்லாத வழி இதுதான். அதனாலேயே மிகப் பரவலாகவும் காணப்படுகிறது. மூடத்தகாத விளக்கைச் சுற்றிப் பஞ்சை வெட்டி எடுத்து, மேலேயும் திறந்து விடுகிறார்கள். அமெரிக்க மின் விதிகள் இத்தகைய விளக்கின் எல்லாப் பக்கங்களிலும் 75 மி.மீ. தூரத்துக்குள் வெப்பக்காப்பு வரக்கூடாது என்றும், அதன் மேலே வெப்பக்காப்பு இருக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. விளக்கைத் தயாரித்தவர் அதைவிட அதிக இடைவெளி கேட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை இது சரியான வழியே. ஆனால் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. 40 சதுர மீட்டர் பரப்புள்ள சீலிங்கின் மேல் 270 மி.மீ. கனிமப் பஞ்சு விரித்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அறைக்கும் வெளிக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.16 வாட் மட்டுமே வெளியேறும், மொத்தம் 6.4 வாட். இப்போது அதில் பன்னிரண்டு விளக்குகளுக்காக 30 செ.மீ. சதுரத் துளைகள் பன்னிரண்டு வெட்டுவோம். அவற்றின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டரைவிடச் சற்றே அதிகம், அதாவது சீலிங்கில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஆனால் வெறும் ஜிப்சம் பலகை மட்டும் இருக்கும் அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 2.3 வாட் அளவில் வெளியேறுவதால், மொத்த இழப்பு 8.7 வாட் வரை ஏறிவிடுகிறது. அவ்வளவு சிறிய பரப்பு இவ்வளவு பெரிய இழப்பைச் சேர்த்துவிடுகிறது. இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது.

இந்தக் கணக்கில் காற்றுக் கசிவைச் சேர்க்கவில்லை. அறையின் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து, விளக்கின் விளிம்பிலும் உடலிலும் உள்ள இடுக்குகள் வழியாகப் பரணுக்குள் போகிறது. கண்ணாடிப் பஞ்சு விளக்கை ஒட்டிய இடங்களில் கரும்புழுதி படிந்து கறுத்திருந்தால், அது அந்தக் கசிவின் தடம். வெளியேறும் காற்றிலிருந்த தூசியைப் பஞ்சு வடிகட்டிப் பிடித்துவைத்திருக்கிறது. வெப்பத்தோடு ஈரமும் வெளியேறுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 20 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 12 டிகிரிப் பரப்பில் பட்டாலே நீராகப் படியத் தொடங்கிவிடும். வெப்பக்காப்பு நன்றாக இருக்கும் வீட்டில் பரண் முன்னைவிடக் குளிர்ச்சியாகிவிடுவதால், குளிர்காலத்தில் கூரை மரங்களில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்க இது வழிசெய்கிறது. குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே உள்ள விளக்குகளில் இந்தக் கேடு மிக விரைவாகத் தெரியும்.

இடைவெளி நிலைத்து நிற்காது என்பது இன்னொரு குறை. ஊதி நிரப்பும் தளர்வான வெப்பக்காப்பு காற்றில் நகர்ந்து குழிக்குள் சரியும். பஞ்சு விரிப்பு கூட, யாராவது பெட்டியை இழுத்து வைக்கும்போது விளக்கின்மேல் ஏறிவிடும். ஆகவே இந்த வழியைத் தற்காலிகமாகக் கையாள்பவர்களும் எரியாத பொருளால் ஆன வேலி போன்ற ஒரு சட்டகத்தை விளக்கைச் சுற்றி அசையாமல் பொருத்தியே தீர வேண்டும்.

மூடி கவிழ்த்தல்

விளக்கை மாற்றாமல், அதன்மேல் தீ தாங்கும் கூம்பு அல்லது பெட்டி வடிவ மூடியைக் கவிழ்த்து, விளிம்பை ஜிப்சம் பலகையோடு ஒட்டிவிடுவது இரண்டாவது வழி. மூடிக்கு உள்ளே விளக்கைச் சுற்றிக் காற்றுவெளி கிடைக்கிறது. வெளியே பஞ்சை மூடியோடு நெருக்கி விரிக்கலாம். காற்றுக் கசிவும் பெருமளவு நிற்கிறது. விளக்குகள் நல்ல நிலையில் இருந்து, மாற்றுவதற்கு மனமில்லாதவர்களுக்கு இது ஏற்ற வழி.

ஆனால் மூடியை வாங்குவதற்கு முன் அதன் குறிப்பேட்டை முழுவதும் படிக்க வேண்டும். உள்ளே எத்தனை வாட் வரை எரியலாம், விளக்கின் உயரத்துக்கும் மூடியின் உச்சிக்கும் எவ்வளவு இடம் வேண்டும், மூடியின் உச்சியையும் பஞ்சால் மூடலாமா அல்லது பக்கங்களை மட்டுமா என்பவை மூடிக்கு மூடி வேறுபடுகின்றன. மூடி சோதிக்கப்பட்டதாக இருந்தாலும், மூடிய இடத்தில் வைக்க விளக்கு ஏற்றதா என்பதை விளக்கின் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். 12 வோல்ட் விளக்குகளின் டிரான்ஸ்ஃபார்மரையும் எல்இடி டிரைவரையும், குறிப்பேடு வேறுவிதமாகச் சொன்னாலன்றி, மூடிக்கு வெளியே காற்றுப்படும்படி வைப்பது நல்லது.

மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைக்கும் வழக்கமும் சிலரிடம் உள்ளது. மண் எரியாது, அடித் துளை வழியாகச் சூடு போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் எந்த விளக்கோடும் சோதிக்கப்படாத தொட்டிக்குள் வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தத் துளை வழியாக அறையின் ஈரக்காற்றும் போகிறது. அதன் எடை முழுவதும் ஜிப்சம் பலகையின்மேல் நிற்கிறது. தீ பற்றிய விஷயத்தில் இப்படிப்பட்ட கைமருந்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த இடத்தில், பழைய விளக்குக் கூட்டில் பல்பை மட்டும் எல்இடியாக மாற்றிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். வெப்பம் குறையும் என்பதால் அது நல்ல முதல் படி, இன்றே செய்யலாம். ஆயினும் கூடு மூடத்தகாததாகவே இருக்கிறது. பல்பு பழுதான ஒரு நாளில், அதே ஹோல்டரில் பொருந்தும் 50 வாட் ஹாலஜன் பல்பை வீட்டில் வேறு யாரேனும் மாட்டிவிட்டால், பஞ்சுக்கு அடியில் பழைய ஆபத்து முழுமையாகத் திரும்பிவிடும். எனவே பல்பு மாற்றத்தை நம்பி மூடுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மூடத்தக்க விளக்காக மாற்றுதல்

பழைய கூட்டையே எடுத்துவிட்டு, வெப்பக்காப்பால் மூடத்தக்கது என்று முத்திரை பெற்ற, பின்புறம் அடைபட்ட எல்இடி விளக்கைப் பொருத்துவது மூன்றாவது வழி. வெப்பத்தின் மூலத்தையே இது குறைக்கிறது, இடைவெளியின் தேவையை நீக்குகிறது, காற்றுக் கசிவை அடைக்கிறது, மின்கட்டணமும் குறைகிறது. பல்பு தனியாகக் கழற்ற முடியாதபடி அமைந்த விளக்கானால், அதிக வாட் பல்பை மாட்டிவிடும் வாய்ப்பே இல்லை. ஒன்றுக்கு ஆகும் விலை மூடியைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் மூடியின் விலையோடு, அதற்குள் தொடர்ந்து எரியப்போகும் பழைய விளக்கின் மிச்ச ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு சிறியதாகிவிடும்.

தேர்வு செய்யும்போது சில விவரங்களைத் தவறவிடக்கூடாது. 'மூடத்தக்கது' என்ற சொல்லுக்குப் பின்னே எந்த வகை வெப்பக்காப்பு, எவ்வளவு கனம் என்று குறிப்பேடு வரையறுத்திருக்கலாம். கனிமப் பஞ்சுக்கு ஒப்புதல் பெற்ற விளக்கைத் தெளிப்பு நுரையால் மூட அனுமதி இருக்கும் என்று கொள்ளக்கூடாது. நுரை விளக்கின் உடலோடு இறுக ஒட்டிக்கொள்வதால் சூடு தேங்கும் விதமே வேறு, பின்னர் விளக்கைக் கழற்றவும் முடியாது. டிரைவர் தனியாக வருமானால் அதை மூடலாமா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். விளக்கின் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா, பழைய துளையின் விட்டத்துக்குப் புதியது பொருந்துமா என்பவையும் முக்கியம். துளை பெரிதாக இருந்து விளிம்பு அதை அரைகுறையாக மூடினால் காற்றுத்தடையும் தீத்தடையும் இரண்டுமே கெட்டுவிடும்.

விளக்கையே விலக்குதல், வெப்பக்காப்பை நகர்த்துதல்

ஓர் அறையில் அளவுக்கு மீறிய டவுன்லைட்டுகள் இருந்தால், சிலவற்றை எடுத்துவிட்டு ஜிப்சம் துண்டால் துளையை அடைத்து, சீலிங்கின் வெளிப்பரப்பில் பொருத்தும் விளக்குக்கு மாறுவது ஆகச் சிறந்த வெப்பக்காப்பைத் தரும். வயர் நுழையும் சிறு துளையை மட்டும் அடைத்தால் போதும். அறையின் தோற்றம் மாறுவதையும், சீலிங்கை மீண்டும் பூசி வண்ணமடிக்க வேண்டியதையும் ஏற்றுக்கொள்பவர்களுக்கு இதில் வேறு குறையே இல்லை.

வெப்பக்காப்பை நகர்த்துவதில் இரண்டு விதம் உண்டு. கூரையின் சரிவுச் சட்டங்களோடு சேர்த்து வெப்பக்காப்பை ஏற்றிவிட்டால் பரணே வீட்டின் வெதுவெதுப்பான பகுதியாகிவிடுவதால், சீலிங்கில் பஞ்சு தேவையில்லை. இல்லையெனில், இருக்கும் சீலிங்குக்குக் கீழே இன்னொரு சீலிங்கைத் தொங்கவிட்டு, இடைப்பட்ட வெளியில் விளக்குகளை வைக்கலாம். மேலே பஞ்சும் ஈரத்தடைப் படலமும் துளைபடாமல் முழுமையாக நிற்கும். புது வீடு கட்டுபவர்களும், கூரையை எப்படியும் பிரித்து வேலை செய்யப்போகிறவர்களும் இவற்றைத் தவறாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். விளக்குகளுக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்வது தேவையற்றது.

எந்த வீட்டுக்கு எது?

விளக்குகள் ஹாலஜன் வகையாகவோ முத்திரை தெரியாதவையாகவோ இருந்தால், பஞ்சை வாங்கும் முன்பே அவற்றை மூடத்தக்க எல்இடி விளக்குகளாக மாற்றிவிட வேண்டும் என்பேன். அண்மையில் பொருத்திய நல்ல எல்இடி விளக்குகள், ஆனால் மூடத்தகாதவை என்றால், இரு தயாரிப்பாளர்களின் குறிப்பேடுகளும் ஒத்துப்போகும்பட்சத்தில் மூடிகள் போதும். குளியலறைக்கு மேலே இடைவெளி வழியை எக்காரணம் கொண்டும் நிரந்தரமாக வைக்கக்கூடாது. பணம் சேரும்வரை இடைவெளியோடு ஓட்ட வேண்டிய நிலை உள்ளவர்கள், பல்புகளை எல்இடியாக மாற்றி, வேலி அமைத்து, சமையலறையையும் குளியலறையையும் முதலில் சரிசெய்து, மற்ற அறைகளைப் பின்னர் பார்க்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரின் ஒப்புதலின்றி சீலிங்கைத் தொட முடியாது என்பதால், அவருக்கும் இதுவே வழி.

எந்த வழியானாலும் பரணில் ஓடும் மற்ற வயர்களையும் பார்த்துவிட வேண்டும். பன்னிரண்டு எல்இடி விளக்குகள் சேர்ந்தாலும் 230 வோல்ட்டில் அரை ஆம்பியரைத் தொடாது. ஆகவே விளக்கு வயர் பஞ்சுக்கடியில் இருப்பதால் பெரிய கவலை இல்லை. ஆனால் வாட்டர் ஹீட்டர், மின்னடுப்பு போன்றவற்றுக்குப் போகும் வயர் அதே பரண் வழியாகச் சென்றால் கதை வேறு. பிரிட்டனின் மின்கம்பி விதிகளான பிஎஸ் 7671-இன்படி, 50 மி.மீ. நீளத்துக்கு வெப்பக்காப்பால் முழுவதும் சூழப்பட்ட வயரின் மின்சாரம் தாங்கும் திறன் 0.88 பங்காகவும், 400 மி.மீ. நீளத்துக்குச் சூழப்பட்டால் 0.51 பங்காகவும் குறைகிறது. அத்தகைய வயர்களைப் பஞ்சுக்கு மேலே எடுத்து ஓட்டுவதே நல்லது. முடியாவிட்டால் தடித்த வயர் தேவையா என்று தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். பாலிஸ்டைரீன் பலகையைப் பிவிசி வயரின்மேல் நேரடியாகப் படும்படி வைக்கவே கூடாது. உறையிலுள்ள நெகிழ்வூட்டும் பொருள் பாலிஸ்டைரீனுக்குள் கசிந்துபோய், நாளடைவில் உறை விறைத்துவிடும்.

வேலையின்போது மெயின் சுவிட்சை அணைப்பதும், ஜிப்சம் பலகையை மிதிக்காமல் சட்டங்களின்மேல் பலகை போட்டு நிற்பதும், முகக்கவசமும் கையுறையும் அணிவதும் தவிர்க்கக்கூடாதவை. பஞ்சு விரித்த அன்று மாலையே எல்லா விளக்குகளையும் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டுக் கவனிக்க வேண்டும். ஏதேனும் ஒரு விளக்கு தானாக அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாக எரியுமானால், உள்ளிருக்கும் வெப்பத் துண்டிப்பான் செயல்படுகிறது என்று பொருள். உடனே அதன்மேலுள்ள பஞ்சை விலக்கி, விளக்கைப் பயன்படுத்தாமல் நிறுத்திவைத்து, எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பொருத்திய விளக்கின் மாதிரி எண், அதன் அதிகபட்ச வாட், அதை மூடலாமா கூடாதா என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பரணின் நுழைவாயில் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், அடுத்து அங்கே ஏறி வேலை செய்பவருக்கு உதவும்.